பதவிக்கு ஃபோர், கம்பனிக்கு டு: ஆங்கிலத்தில் வேலை விண்ணப்பம் எழுதப் போகிறவர்களுக்கு

உயர் தரப் பரீட்சை முடிந்த கையோடு நான் ஐந்து கம்பனிகளுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் அனுப்பினேன். ஐந்துக்கும் பதில் இல்லை. இடம் இல்லை என்றாவது ஒருவர் எழுதியிருக்கலாம், அதுவும் வரவில்லை. ஆறாவது கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்கு முன்பு, கொட்டகலையில் இருந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முதல் வரியைத் தாண்டவே இல்லை. 'ஐ எம் அப்ளை டு த போஸ்ட் ஒஃப் கிளார்க்' என்று எழுதியிருந்தேன். எட்டுச் சொற்களில் இரண்டு பிழை. முதல் ஐந்து கடிதங்களிலும் அதே வரியைத்தான் அச்சுப் பிசகாமல் எழுதியிருந்தேன்.

இப்போது ஹட்டனில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வரும் விண்ணப்பங்களைப் பிரித்துக் கோவையில் போடுவதும் என் பொறுப்பு. வாரத்துக்கு ஒன்றாவது அந்தப் பழைய வரியோடு வருகிறது. எனக்குப் பதில் வராததற்கு அந்தப் பிழைதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஐம்பது கடிதங்களில் ஐந்தைப் பொறுக்க வேண்டியவர், மிச்சத்தைத் தள்ளிவைக்கக் காரணம் தேடுவார். முதல் வரியிலேயே அந்தக் காரணத்தை நாம் ஏன் அவர் கையில் கொடுக்க வேண்டும்?

ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படியே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காதில் ஏறினால்தான் கையில் வரும். எழுத்துக்கூட்டை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் 'க்கு' எந்தக் 'க்கு' என்று பாருங்கள்

அன்றைக்கு ஆசிரியர் சிவப்புப் பென்சிலை எடுத்துவிட்டு, எதையும் திருத்தாமல் என்னைக் கேட்டார்.

"மகள், யாரிடம் வேலை கேட்கிறாய்?"

"கம்பனியிடம், சேர்."

"கம்பனியிடம் எதைக் கேட்கிறாய்?"

"கிளார்க் வேலை, சேர்."

"பிறகு ஏன் வேலையிடமே போய் வேலை கேட்டு எழுதியிருக்கிறாய்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் தமிழில் இரண்டு வரி எழுதினார். 'கம்பனிக்கு விண்ணப்பித்தேன்.' 'வேலைக்கு விண்ணப்பித்தேன்.' இரண்டிலும் 'க்கு' என்பதன் கீழே கோடு இழுத்தார். அப்போதுதான் புரிந்தது. தமிழில் கேட்கப்படுகிறவருக்கும் 'க்கு', கேட்கும் பொருளுக்கும் 'க்கு'. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கேட்கப்படுகிறவருக்கு 'டு', கேட்கும் பொருளுக்கு 'ஃபோர்'. 'க்கு' என்றால் 'டு' என்று சிறு வயதிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருப்பதால், நாம் இரண்டு இடத்திலும் 'டு' போட்டுவிடுகிறோம்.

இதற்கு அவர் சொன்ன சோதனை இன்றுவரை எனக்குப் பிசகியதில்லை. 'க்கு' வரும் இடத்தில் 'இடம்' போட்டுப் பாருங்கள். 'கம்பனியிடம் விண்ணப்பித்தேன்' பொருந்துகிறது, ஆகவே 'டு'. 'வேலையிடம் விண்ணப்பித்தேன்' சிரிப்பு வருகிறது. அங்கே 'வேண்டி' போட்டுப் பாருங்கள். 'வேலை வேண்டி விண்ணப்பித்தேன்' பொருந்துகிறது, ஆகவே 'ஃபோர்'.

நம் வாழ்க்கையில் விண்ணப்பம் போடும் இடங்களை எல்லாம் இந்தச் சோதனையில் ஓட்டிப் பாருங்கள். தேசிய அடையாள அட்டை வேண்டி, ஆட்பதிவுத் திணைக்களத்திடம். கடன் வேண்டி, வங்கியிடம். லீவு வேண்டி, முகாமையாளரிடம். புலமைப்பரிசில் வேண்டி, அறக்கட்டளையிடம். ஒவ்வொன்றிலும் முதலாவது 'ஃபோர்', இரண்டாவது 'டு'. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டி வந்தால், ஆளை முன்னாலும் பொருளைப் பின்னாலும் வையுங்கள்: 'ஐ அப்ளைட் டு த பேங்க் ஃபோர் எ லோன்.' பல்கலைக்கழகம்தான் கொஞ்சம் குழப்பும். பல்கலைக்கழகத்திடம் கேட்கிறோம், அதனால் 'டு'. பாடநெறி வேண்டிக் கேட்கிறோம், அதனால் 'ஃபோர்'.

இன்னொரு வகைப் பிழை, இரண்டையும் விட்டுவிடுவது. பேச்சில் 'லீவு அப்ளை செய்தேன்' என்று சொல்லிப் பழகிய வாய், ஆங்கிலத்திலும் 'ஐ அப்ளைட் லீவ்' என்று எழுத வைக்கும். இப்படி நடுவில் சிறு சொல் இல்லாமல் நேரே ஒரு பொருளோடு வரும் 'அப்ளை' என்றால் பூசுதல், தடவுதல், பிரயோகித்தல். காயத்துக்கு மருந்து தடவுவது அந்த 'அப்ளை'. பிரேக் போடுவது அந்த 'அப்ளை'. 'ஐ அப்ளைட் லீவ்' என்று எழுதினால் லீவை எடுத்து முழங்காலில் தடவிக்கொண்டீர்கள் என்றாகும்.

எழுத்துக்கூட்டில் ஒரு கவனம். இந்த 'ஃபோர்' மூன்றெழுத்துச் சொல். நான்கு என்ற எண்ணைக் குறிக்கும் 'ஃபோர்' நான்கெழுத்துச் சொல். நான்குக்கு நான்கு என்று நினைவில் வைத்தால் போதும். அதேபோல் நமக்கு வேண்டிய 'டு' இரண்டெழுத்து மட்டுமே. கைப்பேசி தானாகத் திருத்தித் தரும் என்று நம்ப வேண்டாம். இரண்டும் அதற்குச் சரியான சொற்கள்தான்.

2. படிவத்தில் வரும் மற்ற 'அப்ளை'யைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

'திஸ் ரூல் அப்ளைஸ் டு ஓல்' என்று படிவத்தின் அடியில் இருக்கும். இது விண்ணப்பித்தல் அல்ல, 'பொருந்தும்' என்று பொருள். விதி எல்லோருக்கும் பொருந்தும். இந்தப் பொருளில் எப்போதும் 'டு'.

இதன் உறவுக்காரன்தான் 'நொட் அப்ளிகபிள்'. உங்களுக்குப் பொருந்தாத கேள்விக்கு எதிரே இதை எழுத வேண்டும். திருமணமாகாதவரிடம் துணையின் பெயர் கேட்டிருந்தால் வெறுமையாக விடாதீர்கள். வெறுமையான கட்டத்தைப் பார்ப்பவர் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றுதான் எண்ணுவார்.

3. 'அப்ளை'க்கு முன்னால் வருவதைச் சரியாக எழுதுங்கள்

என் எட்டுச் சொல்லில் இரண்டாவது பிழை 'ஐ எம் அப்ளை'. 'எம்' வந்தால் 'அப்ளையிங்' வர வேண்டும். 'அப்ளை' மட்டும் வர வேண்டுமானால் 'எம்' போக வேண்டும். பிழை நேரவே நேராத வரி வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

'ஐ விஷ் டு அப்ளை ஃபோர் த போஸ்ட் ஒஃப் எக்கவுண்ட்ஸ் கிளார்க்.'

'ஐ எம் ரைட்டிங் டு அப்ளை ஃபோர்' என்று தொடங்கினாலும் சரி. இந்த வரிகளில் 'அப்ளை'க்கு முன்னாலும் ஒரு 'டு' நிற்கிறதே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அந்த 'டு' வினையோடு ஒட்டிய 'டு'. 'விண்ணப்பிக்க' என்பதில் உள்ள 'க்க' போன்றது. அது ஆளையும் குறிப்பதில்லை, பொருளையும் குறிப்பதில்லை. முன்னால் ஒரு 'டு' வந்துவிட்டது, அதனால் பின்னால் 'ஃபோர்' தேவையில்லை என்று கணக்குப் போடாதீர்கள்.

பெயர்ச்சொல்லாக மாறினாலும் 'ஃபோர்' விடாது: 'அப்ளிகேஷன் ஃபோர் த போஸ்ட் ஒஃப்'. கடிதத்தின் தலைப்பு வரிக்கும், மின்னஞ்சலின் பொருள் வரிக்கும் இதுவே.

'ரிக்வெஸ்ட்' மட்டும் வம்புக்காரச் சொல். பெயராக வரும்போது 'எ ரிக்வெஸ்ட் ஃபோர் லீவ்' சரி. வினையாக வரும்போது 'ஃபோர்' கூடாது. 'ஐ ரிக்வெஸ்ட் ஃபோர் லீவ்' பிழை. படித்தவர்களே இதில் தடுக்கி விழுவதைத் தினமும் பார்க்கிறேன். அதனால் நான் கடிதத்தில் அந்த வினையையே தொடுவதில்லை.

4. விளம்பரத்தில் 'அப்ளை'க்குப் பின்னால் உள்ள சொல்லைப் படியுங்கள்

நம் பிள்ளைகள் விளம்பரத்தில் சம்பளத்தைப் படிப்பார்கள், தகைமையைப் படிப்பார்கள். 'அப்ளை' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சிறு சொல்லைப் படிப்பதில்லை. எந்த ஆவணம், எத்தனை நாள், யார் பெயருக்கு என்பதெல்லாம் அந்தச் சிறு சொல்லில்தான் இருக்கிறது.

'அப்ளை டு த மெனேஜர்' என்றால் கடிதம் முகாமையாளர் பதவிப் பெயருக்குப் போக வேண்டும். உங்களுக்கு அங்கே தெரிந்தவர் இருந்தாலும் அவர் பெயரை எழுதாதீர்கள்.

'அப்ளை வித்' என்றால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் உறைக்குள் இருக்க வேண்டும். 'வித் கொப்பீஸ்' என்றிருந்தால் பிரதிகள் மட்டுமே. மூலச் சான்றிதழை ஒருபோதும் தபாலில் அனுப்பாதீர்கள். என்னோடு படித்த ஒருத்தி சாதாரண தரச் சான்றிதழின் மூலத்தை அனுப்பிவிட்டு, அதைத் திரும்பப் பெற நான்கு மாதம் அலைந்தாள்.

'அப்ளை த்ரூ' என்பது பெரும்பாலும் ஏற்கெனவே அரச வேலையில் இருப்பவர்களுக்கு. திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்ப வேண்டும் என்று பொருள். அவர் மேசையில் கிடக்கும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'அப்ளை இன் பர்சன்' என்றால் நேரில் போக வேண்டும். கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

நாட்களைச் சொல்லும் சொற்கள் இரண்டு. 'பை' என்றால் அந்தத் தேதிக்குள், அந்தத் தேதியும் சேர்த்து. 'ஒன் ஓர் பிஃபோர்' என்பதும் அதுவே. 'வித்தின் 14 டேய்ஸ்' என்றால் விளம்பரம் வெளிவந்த நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள். பத்திரிகை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. இதில்தான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். ஞாயிறு பத்திரிகையை டவுனுக்குப் போன யாராவது திங்கள் அல்லது செவ்வாய் கொண்டுவருவார்கள். அதில் வடை சுற்றாமல் மிஞ்சிய பக்கத்தைப் புதன்கிழமைதான் பார்ப்போம். அப்போதே மூன்று நாள் போய்விட்டது. தபாலுக்கு ஐந்து நாள் ஒதுக்குங்கள். உங்களிடம் மிச்சம் ஆறு நாள்.

அரச பதவிகள் வெள்ளிக்கிழமை வெளிவரும் வர்த்தமானியில் வரும். அது தமிழிலும் வருகிறது. விண்ணப்பத்தையும் பெரும்பாலும் தமிழிலேயே அனுப்பலாம். நல்ல தமிழில் எழுத முடிகிறவர் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதி ஏன் சங்கடப்பட வேண்டும்? ஆங்கிலம் கட்டாயம் வேண்டியிருப்பது தனியார் கம்பனிகளுக்குத்தான்.

5. ஆவணங்களை விளம்பரம் வருவதற்கு முன்பே தயார் செய்யுங்கள்

ஆறு நாளில் இவ்வளவையும் சேர்க்க முடியாது. நான் முயன்று பார்த்தேன்.

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தர, உயர் தரப் பெறுபேறுகள், பாடசாலை அதிபரின் நற்சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் வதிவிட, நன்னடத்தைச் சான்றிதழ். இவைதாம் வழக்கமாகக் கேட்கப்படுபவை. இவற்றோடு உறவினர் அல்லாத இருவரின் பெயரும் முகவரியும் வேண்டும். அந்த இருவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உங்களைப் பற்றி விசாரித்துத் தொலைபேசி வரும்போது 'யார் அது?' என்று அவர் கேட்டால் கதை முடிந்தது. மாமா, சித்தப்பா கூடாது. வேறு தலைப்பெழுத்தோடு எழுதினால் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று எண்ணவும் வேண்டாம்.

முதலில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். 'ராஜா' என்று முடியும் பெயருக்கு ஒன்றில் கடைசியில் 'எச்' இருக்கும், மற்றதில் இருக்காது. அப்பா பெயர் ஒன்றில் முழுதாகவும் மற்றதில் தலைப்பெழுத்தாகவும் இருக்கும். இப்படி வேறுபாடு இருந்தால் சமாதான நீதவானிடமோ சட்டத்தரணியிடமோ ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்து, கம்பனி ஆங்கிலத்தில் கேட்டால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போக வேண்டும். எனக்கு அதற்கு ஒரு வாரம் ஆனது.

கிராம உத்தியோகத்தர் வாரத்தில் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார். வெளிவேலை நாட்கள் உண்டு. எந்த நாள் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். கேட்காமல் போனதால் அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போனது. என்னோடு துணைக்கு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி, பகலுக்கு மேல்தான் கொழுந்தெடுக்கப் போனார். மறுமுறை போய் வாங்கிய பிறகு அந்தச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வேண்டியிருந்தது. அது இன்னொரு நாள், இன்னொரு பஸ்.

பிரதிகளை ஒரு முறையில் ஐந்து செட் எடுங்கள். நான் எடுத்தபோது ஒரு பக்கத்துக்கு 20 ரூபா கொடுத்தேன். கடிதத்தைத் தட்டச்சு செய்து அச்செடுக்க 150 ரூபா. பிரதிகளில் 'உண்மைப் பிரதி' என்று சமாதான நீதவான் ஒப்பமிட வேண்டும். போகும்போது மூலங்களையும் கொண்டு போங்கள். எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரு சதமும் வாங்கவில்லை. ஆனால் மூலத்தைப் பார்க்காமல் ஒரு கையெழுத்தும் போடவில்லை. அதுதான் முறை.

தட்டச்சுக் கடையில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே கணினியில் பழைய விண்ணப்பக் கடிதம் ஒன்று தயாராக இருக்கும். பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். என்னுடைய 'அப்ளை டு த போஸ்ட்' பிறந்த இடமே அதுதான். பிழையோடு சேர்த்து யாரோ ஒருவருடைய பாடசாலையும் எனக்கு வந்து சேர்ந்தது. கையால் எழுதிக் கொண்டுபோய், எழுதியபடியே அடிக்கச் சொல்லுங்கள். காசு கொடுப்பதற்கு முன்பு திரையிலேயே ஒரு தரம் படியுங்கள்.

6. கடிதத்தை நான்கு பத்தியில் முடியுங்கள்

முதல் பத்தி ஒரே வாக்கியம். எங்கே பார்த்தீர்கள், எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள். 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் எட்வர்டைஸ்மென்ட்' என்று தொடங்கி, பத்திரிகையின் பெயரையும் தேதியையும் எழுதி, 'ஐ விஷ் டு அப்ளை ஃபோர்' என்று தொடருங்கள். 'ரெஃபரன்ஸ்' என்பதோடு 'டு' ஒட்டிக்கொண்டே வரும்.

இரண்டாவது பத்தியில் படிப்பு. பாடத்தைச் சொல்லும்போது 'இன்' வரும்: 'எ க்ரெடிட் பாஸ் இன் இங்கிலிஷ்'. மூன்றாவதில் அனுபவம். வேலையின் பெயரைச் சொன்னால் 'எக்ஸ்பீரியன்ஸ் எஸ் எ கஷியர்'. துறையைச் சொன்னால் 'எக்ஸ்பீரியன்ஸ் இன் எக்கவுண்ட்ஸ்'. அனுபவம் இல்லையென்றால் இல்லாததை எழுதி நீட்ட வேண்டாம். தோட்டத்துக் கூட்டுறவுக் கடையில் விடுமுறைக்குக் கணக்கு எழுதியிருந்தால் அதை எழுதுங்கள், அதுவும் அனுபவம்தான்.

நான்காவது பத்திதான் இரண்டாவது பெரிய பள்ளம். 'ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று முடிக்கிறோம். 'டு' வந்தால் வினை வெறுமனே வர வேண்டும் என்பது நமக்குப் பாடசாலையில் ஊட்டிய விதி. 'விஷ் டு அப்ளை' என்பதில் அந்த விதி சரி. இங்கே சரியில்லை. 'லுக் ஃபோர்வர்ட்' என்பதற்குப் பின்னால் வரும் 'டு' பெயர்ச்சொல்லை எதிர்பார்க்கும் 'டு'. அதனால் 'ஹியரிங்' வர வேண்டும்.

'ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.'

இதற்கும் ஒரு சோதனை உண்டு. வினையை எடுத்துவிட்டு 'யுவர் ரிப்ளை' என்ற பெயரை அந்த இடத்தில் வையுங்கள். 'ஐ லுக் ஃபோர்வர்ட் டு யுவர் ரிப்ளை' நன்றாக நிற்கிறது. ஆகவே வினை வந்தால் 'இங்' வேண்டும். 'ஐ விஷ் டு யுவர் ரிப்ளை' நிற்கவில்லை. ஆகவே அங்கே 'இங்' வேண்டாம். தமிழிலும் 'கேட்க' வேறு, 'கேட்பதை' வேறு அல்லவா? 'உங்கள் பதிலைக் கேட்பதை எதிர்பார்க்கிறேன்' என்பதில் உள்ள 'பதை' தான் அந்த 'இங்'. கேட்பதற்கு உரிய 'ஹியர்' என்ற சொல்லுக்குள் 'காது' என்பதற்கான ஆங்கிலச் சொல் முழுதாக ஒளிந்திருக்கும். இல்லாவிட்டால் நீங்கள் எழுதியிருப்பது 'இங்கே' என்ற சொல்.

'லுக்கிங் ஃபோர்வர்ட் டு' என்று மட்டும் எழுதி, 'ஐ எம்' இல்லாமல் முற்றுப்புள்ளி வைக்காதீர்கள். பேச்சில் செல்லும், விண்ணப்பத்தில் சட்டைக் காலருக்கு மேல் துண்டு போட்டது போல இருக்கும்.

முடித்தவுடன் அனுப்பாதீர்கள். ஓர் இரவு வைத்திருந்து, காலையில் பென்சிலோடு உட்கார்ந்து 'டு', 'ஃபோர்' இரண்டை மட்டும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்தையும் 'யாரிடமா, எது வேண்டியா, வினையோடு ஒட்டியதா' என்று கேளுங்கள். எனக்கு இன்றைக்கும் இது ஐந்து நிமிட வேலை. ஐயம் வந்தால் ஆங்கிலம் கற்போருக்கென்று அச்சிடப்பட்ட அகராதியைப் பாருங்கள். அதில் வினைக்குப் பக்கத்திலேயே எந்தச் சிறு சொல் சேரும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆங்கிலம்-தமிழ்ச் சிற்றகராதிகளில் 'அப்ளை: விண்ணப்பி' என்பதோடு நின்றுவிடும், நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு உள்ளது.

7. உறையின் இடது மேல் மூலை

'த போஸ்ட் அப்ளைட் ஃபோர் ஷுட் பி மார்க்ட் ஒன் த டொப் லெஃப்ட் ஹேண்ட் கோர்னர்' என்று நம் நாட்டு விளம்பரங்களில் அடிக்கடி வரும். விண்ணப்பிக்கும் பதவியின் பெயரை உறையின் இடது மேல் மூலையில் எழுதச் சொல்கிறார்கள். எழுத வேண்டியது 'எக்கவுண்ட்ஸ் கிளார்க்' என்று பதவியின் பெயரை. 'போஸ்ட் அப்ளைட் ஃபோர்' என்று மட்டும் எழுதி அனுப்பிய உறை என் மேசைக்கே வந்திருக்கிறது.

வாக்கியத்தின் கடைசியில் 'ஃபோர்' தொங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பலர் அதை வெட்டிவிடுகிறார்கள். தங்கள் சுயவிபரக் கோவையில் 'போஸ்ட் அப்ளைட்' என்று தலைப்பிடுகிறார்கள். வெட்டாதீர்கள். அது தொங்கவில்லை, தன் வினையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 'போஸ்ட் அப்ளைட் ஃபோர்' என்பதே முழுமை.

பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு ஊசியால் குத்தி வையுங்கள். கட்டணம் நிறைக்கு ஏற்ப மாறும். கருமபீடத்தில் நிறுத்துச் சொல்வார்கள். ஜூன், ஜூலை மழையில் தபாலகம் வரை நடக்க வேண்டியவர்கள் உறையைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கொண்டு போங்கள். மை கரைந்த முகவரியோடு போராடியவள் சொல்கிறேன்.

மின்னஞ்சலில் கேட்டிருந்தால் செலவே இல்லை. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அறைக்குள் சிக்னல் இல்லாதவர்கள் மேட்டில் ஏறி நின்றாவது, போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். கடிதத்தையும் சான்றிதழ்களையும் பத்துப் படங்களாக அனுப்பாமல் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள்.

8. பதில் வந்து சேரும் முகவரி

இலக்கணத்துக்குச் சம்பந்தமில்லாத செய்தி இது. ஆனால் எனக்கு ஒரு வேலையைத் தின்ற செய்தி. திருத்திய அந்த ஆறாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் லயத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் தோட்டத்து ஆபீசில்தான் இறங்கும். அங்கிருந்து பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்குப் பேர் பதியக் கூடும் இடத்தில், யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். என் கடிதம் எத்தனை நாள் எங்கே கிடந்தது என்று தெரியாது. நேர்முகம் செவ்வாய்க்கிழமை. கடிதம் என் கைக்கு வியாழக்கிழமை வந்தது. உறையைப் பிரித்த அம்மா தேதியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அதை மடித்துத் தந்தார்.

டவுனில் கடை வைத்திருக்கும் உறவினரோ, தபால் நேரடியாகப் போகும் வீட்டுக்காரரோ இருந்தால், அவர் பெயரை 'சி/ஓ' (கெயார் ஒஃப், அதாவது அவர் மூலம்) போட்டு எழுதுங்கள். தொலைபேசி எண் இரண்டு கொடுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் நீங்களே ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். இப்போது வினை இறந்தகாலத்துக்கு மாறும், 'ஃபோர்' மாறாது: 'ஐ அப்ளைட் ஃபோர் த போஸ்ட் ஒஃப் எக்கவுண்ட்ஸ் கிளார்க் ஒன் 5 ஜூன்.' தேதிக்கு முன்னால் 'ஒன்' வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. நேர்முகத்துக்கு அழைத்தால்

'விச் போஸ்ட் டிட் யூ அப்ளை ஃபோர்?' முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். 'ஃபோர்' மறுபடியும் கடைசியில் நிற்கும். 'ஐ அப்ளைட் ஃபோர்' என்று தொடங்கிப் பதவியின் முழுப் பெயரைச் சொல்லுங்கள். 'கிளார்க் சேர்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதத்தின் பிரதியை முதல் நாள் இரவு படித்துவிட்டுப் போங்கள்; அவர்கள் கையில் இருப்பதும் அதுதான்.

இந்தத் தடவை மூலங்கள் எல்லாம் வேண்டும், விளம்பரத்தில் உள்ள அதே ஒழுங்கில். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. மழை நாளில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் எப்போது போய்ச் சேருவீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. காலை ஒன்பது மணிக்கு நேர்முகம் என்றால் முதல் நாளே இறங்கிவிடுங்கள். கொழும்பில் தங்க இடம் இல்லாதவர்கள், பிற்பகல் நேரம் தர முடியுமா என்று கம்பனிக்கு முன்கூட்டியே தொலைபேசியில் கேட்கலாம். பிறகு வந்த ஒரு நேர்முகத்துக்கு நான் கேட்டேன்; இரண்டு மணிக்கு மாற்றித் தந்தார்கள்.